மருமகள் வீட்டுக்குப் போன வேட்டைப் பங்கு

கான்சாபுரம்
14.03.2024

மதிப்பிற்குரிய வனக்காப்பாளர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் மாமனார் இருளப்பசாமி எழுதிக்கொண்டது. ‘மருமகளே’ன்னு ஆரம்பிக்கத்தான் கை போச்சு, அடக்கிட்டேன். என் மேல கேஸ் எழுதுன கைக்கு இப்போதைக்கு அந்த மரியாதை கிடையாது.

நேத்து நம்ம கருப்பசாமி கோயில்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னொரு பாரிவேட்டைக்கு நான் தலைமையா நின்னு போயிட்டு வர்ற வரைக்கும் உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு. உங்க அத்தை சந்தனம் பக்கத்துல நின்னு வேட்டியைப் பிடிச்சு இழுத்தா. நான் கேக்கல. வீட்டுக்கு வந்தபொறவுதான், பேசாம ஒருத்திய எப்படித் திட்டுறதுன்னு யோசனை வந்துச்சு. பேச மாட்டேன்னுதான் சத்தியம், எழுத மாட்டேன்னு இல்லையே. போஸ்ட் ஆபீஸ்ல ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர் வாங்கி வச்சிருக்கேன்.

விஷயத்துக்கு வாரேன். சிவராத்திரிக்கு மறுநாள் நம்ம ஊரு ஆம்பளைங்க வேட்டைக்குப் போறது நேத்து வந்த பழக்கமா? எங்க அப்பா போனாரு, அவரு அப்பா போனாரு. மலைப்பக்கம் போகக் கூடாதுன்னு ஆனபொறவு பூலாங்கண்மாயில வலை போட்டு நாமக்கோழி, கிளுவைன்னு தண்ணிப் பறவையாப் பிடிச்சு சாமிக்குக் காட்டுறோம். பொறவு ஊருல எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். வேட்டைக்கு வந்தவனுக்கும் உண்டு, வராம படுத்துக் கிடந்தவனுக்கும் உண்டு, கூட ஓடி வந்த நாய்க்கும் உண்டு. ஒரு வீடு விட்டுப்போனா அந்த வருஷ வேட்டை சாமிக்குச் சேராது. நீ புதுப்பட்டி குவார்ட்டர்ஸ்ல இருந்தாலும் எங்க வீட்டு மருமக. உன் பங்கை ஆள்கிட்டக் கொடுத்தனுப்பினா நல்லா இருக்காதுன்னு, நானே மஞ்சத்தூள் தடவி, தூக்குச்சட்டியில வச்சு, டிவிஎஸ்ல கொண்டு வந்தேன்.

அங்க உங்க ரேஞ்சர் உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு. யூனிபாரம் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டம் போட்ட சட்டை. உங்க அம்மா வழிச் சொந்தம்னு நெனச்சேன். சட்டியைத் திறந்து பாத்துட்டு, “அடேயப்பா, மொத்தம் எத்தனை விழுந்துச்சு ஐயா?”ன்னு வாய் நிறையக் கேட்டாரு. ஆசையாக் கேக்கிற மனுசன்கிட்டச் சொல்லாம எப்படி? பதினாறுன்னேன். “நீங்க ஒரு ஆளாவா பிடிச்சீங்க?”ன்னாரு. இல்லன்னு சொல்லத்தானே வேணும். வேட்டையில நான்தான் பிடிச்சேன்னு ஒருத்தன் தனியாப் பேரு வாங்கக் கூடாது, அது நம்ம வழக்கம். கூட வந்த எட்டு பேரையும், அவங்க அப்பன் பேரு, தெருவு எல்லாம் சேத்துச் சொன்னேன். வலை அப்துல் ரவூப் வேன்ல வந்துச்சுங்கிறதையும் விடல. நீ அவருக்குப் பின்னால நின்னு கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தே. மருமக கண்ணுல தூசி விழுந்திருச்சுன்னு நெனச்சேன்.

அதுக்குப் பொறவு நீயே பேனாவை எடுத்து, முதல் வரியில ஏ-ஒன்னு இருளப்பசாமின்னு எழுதினே. ஒரு எழுத்துகூட அடிச்சு எழுதல. அபராதத்தைக் கட்டிட்டு வந்தாச்சு, அது போகட்டும். இப்ப எட்டு பேரும், அவிய வீட்டுப் பொம்பளைங்களும் என்னைப் பாத்தா தெருவுல அந்தப் பக்கமாப் போறாங்க. காட்டிக்கொடுத்தவன் நான்தானாம்.

நீ வீட்டுக்கு வரக் கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வந்தா நான் கொல்லைப்பக்கம் போயிருவேன்.

கோபத்தோடு,
வே. இருளப்பசாமி
(ஏ-1)


வ. புதுப்பட்டி
20.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மாரிச்செல்வி எழுதும் கடிதம். நான் இங்கே சுகம்தான். அத்தையும் நீங்களும் சுகமா என்று எழுதுங்கள். நம்ம ஜமீன் சுகமாக இருக்கிறான் என்று எனக்கே தெரியும். தினமும் காலையில் கயிற்றை அத்துக்கொண்டு இங்கே வந்துவிடுகிறான். அவன் ஒன்றும் சத்தியம் பண்ணவில்லை போலிருக்கிறது. கண்மாய்க் கரையில் நாய் வரக் கூடாது என்று போர்டு வைத்தவளே நான்தான். ராஜபாளையம் நாய் வெள்ளை வெளேர் என்று கரையில் ஓடினால் அரை மைலுக்குத் தெரியுது. அவனைப் பிடித்து ரோட்டு வழியாகவே கூட்டிக்கொண்டு வந்து உங்கள் தெருமுனையில் விட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதும் எனக்குத் தெரியும்.

கண்ணில் தூசி விழவில்லை மாமா. கண்ணால் எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன். நீங்கள்தான் தெருப் பேர் வரைக்கும் சொல்லி முடித்தீர்கள்.

ரேஞ்சர் நல்ல மனுஷர். நீங்கள் யார் என்று தெரிந்ததும், “உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் எழுதுறேன்மா” என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேளுங்கள். போன தை மாசம் புதுப்பட்டி சோலைராஜ் அண்ணன் ரெண்டே ரெண்டு நாமக்கோழியோடு என்னிடம் மாட்டினார். அவர் பெண்டாட்டி வந்து அழுதது. நான் இரங்கவில்லை, எழுதினேன். இப்போது பதினாறு பறவையோடு என் மாமனார் வந்து நிற்கிறார் என்று விட்டுவிட்டால், அந்த அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? சட்டம் ரெண்டு பேருக்கும் ஒன்றுதானே.

இன்னொன்றும் உண்டு. வேறு யாராவது எழுதியிருந்தால் நீங்கள் அவருக்கு ஒரு கேஸ், அம்புட்டுதான். நான் எழுதியதால் ‘எதையும் மறைக்கவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை’ என்று எழுதினேன். அதை நீங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். ஒரு எழுத்துகூட அடித்து எழுதவில்லை என்று சொல்கிறீர்களே, அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அப்பா இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில்தான் ஒருவர் கிடைத்தார். வேலைக்கு நடைத் தேர்வு என்று நான் பழகும்போது இதே கரையில் பின்னாலேயே வண்டியில் வந்து, “ஏட்டி மாரி, கால எட்டி வையி” என்று கத்தினது நீங்கள்தான். அந்தச் சத்தம் கேட்டுப் பத்து நாள் ஆச்சு. உங்கள் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவருக்கு ஒரு குறையும் இல்லை. மில் ஷிப்ட் முடிந்து ராஜபாளையத்திலிருந்து வந்ததும் அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை சாப்பிடுகிறார். யார் பக்கம் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்கிறார். பேன்ட் இறுக்குகிறதாம்.

வருத்தத்தோடும் அன்போடும்,
மாரிச்செல்வி


கான்சாபுரம்
16.05.2024

வனக்காப்பாளர் அவர்களுக்கு,

இது மருமகளுக்கு எழுதுறது இல்ல. பொதுமக்கள்ல ஒருத்தன் உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் போடுற புகார்.

கண்மாய்க்குள்ள ஜேசிபி விட்டு சீமைக்கருவேலத்தை எடுக்கிறீங்க, நல்ல காரியம். அந்த முள்ளுல குத்து வாங்காத கால் இந்த ஊருல இல்ல. நடுவுல ஆறு மண் திட்டு போட்டிருக்கீங்க, மழை வந்து தண்ணி நின்னா அதுல நாட்டுக் கருவேலம் வச்சு பறவை அடைய விடப்போறதாப் பேச்சு. அதுவும் நல்லதுதான். குத்தம் சொல்ல எனக்கு ஆசை இருக்கு, ஆனா அதுல இல்ல.

வடக்கு மூலைக்குப் போய்ப் பாத்தியா? ஒரு குட்டையில கொஞ்சம் தண்ணி கிடக்கு. அதைச் சுத்தி இருக்கிற சீமைக்கருவேல மரத்துல நத்தைகுத்தி நாரை இந்த வருஷம் பிந்தி கூடு கட்டியிருக்கு. அறுபது கூட்டுக்குக் குறையாது. குஞ்சுக்கு இன்னும் றெக்கை முளைக்கல, வாயைத் திறந்துக்கிட்டு ஆ ஆன்னு நிக்குது. திங்கக்கிழமை ஜேசிபி அந்த மூலைக்குப் போகுதாம், டீக்கடையில காண்ட்ராக்டர் ஆளுக பேசிக்கிட்டாங்க.

நான் அங்க எதுக்குப் போனேன்னு கேக்கக் கூடாது. காலாற நடந்தேன். கையில ஒண்ணும் இல்ல. ஜமீனைக் கூட கட்டிப்போட்டுட்டுத்தான் போனேன், உங்க போர்டை எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கேன். நாங்க வேட்டைக்காரங்கதான். ஆனா குஞ்சு இருக்கிற கூட்டுப் பக்கம் வலையோட போனவன் எங்க ஊருல எவனும் கிடையாது. நான் பதினாறு பிடிச்சா கேஸு. மெஷினை விட்டு அறுபது கூட்டை இழுத்துப் போட்டா அதுக்குப் பேரு சீரமைப்பா? பதில் சொல்லுங்க.

கோபத்தோடு,
வே. இருளப்பசாமி

பின்குறிப்பு: உங்க அத்தை மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கா. உன் புருசன் கௌதம்ராஜ் கையில கொடுத்திருக்கு. வழியில அவன் திங்காம கொண்டு வந்து சேத்தானான்னு எழுது.


வ. புதுப்பட்டி
29.05.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஊறுகாய் முக்கால் பாட்டில் வந்து சேர்ந்தது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வடக்கு மூலைக்குப் போனேன். அறுபது இல்லை மாமா, எழுபத்திமூன்று. நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கரையில் தினமும் நடக்கிறேன், முள்ளுக்குள் தலையை விட்டுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மெஷின் வந்தது. நான் முன்னால் போய் நின்றேன். காண்ட்ராக்டர், “மொத்தமா எடுக்கச் சொல்லித்தான் ஆர்டர், மழைக்கு முன்ன முடிக்கணும், நீங்க யாரு நிறுத்த?” என்று சத்தம் போட்டார். மெஷின் ஓட்டுகிற அண்ணன் சௌந்தரபாண்டியன்தான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அவரே மெஷின் மேல் ஏறி நின்று கூட்டைப் பார்த்தார். இறங்கி வந்து, “சார், எனக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு, என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ரேஞ்சர் வந்து பார்த்து, குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்த மூலையைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சுற்றிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் புகாராகப் பதிவு செய்து பைலில் வைக்க வேண்டியதாகிவிட்டது. ‘கோபத்தோடு’ என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து ரேஞ்சர், “இந்த ஆபீஸுக்கு வந்த புகார்லயே உண்மையான புகார் இதுதான்” என்றார்.

காண்ட்ராக்டர் மட்டும் போகும்போது, மேலிடத்தில் சொல்கிறேன், நீ இங்கே எத்தனை நாள் இருக்கிறாய் என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லட்டும். எனக்கு அன்றைக்கு மனசு நிறைஞ்சு இருந்தது.

மாமா, எனக்குச் சந்தோஷமாக இருந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்கள் கொல்லைக்குப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அன்புடன்,
மாரிச்செல்வி


கான்சாபுரம்
24.11.2024

மருமகளுக்கு,

இன்னிக்கு இந்த வார்த்தையைப் போடாம எழுத முடியல. கண்மாய் நிறைஞ்சு போச்சு.

கலுங்கு வழியா மிச்சத் தண்ணி வெளிய போகுதுன்னு கேள்விப்பட்டதும் உங்க அத்தையை வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். நீ இருக்கிற பக்கம் வரல, தெக்குக் கரைக்குப் போனோம். ஆறு திட்டும் தலை மட்டும் தெரியுது. நாம வச்ச கன்னு அம்புட்டும் நிமிந்து நிக்குது. நாமன்னு ஏன் சொல்லுறேன்னா, புரட்டாசியில கன்னு வைக்க ஆள் பத்தலைன்னு நூறுநாள் வேலைக்குப் போற பொம்பளைங்க சொன்னப்ப ஒன்பது பேரும் வந்தோமே, நீயும் பாத்திருப்பே. நீ கரையில நின்னுக்கிட்டு இருந்ததால உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நான் முப்பது குழி தோண்டினேன். குழி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். இதுல திரும்பித் திரும்பி இடுப்பு பிடிச்சுக்கிட்டு நாலு நாள் எந்திரிக்க முடியல. தைலம் கொடுத்து விட்டது நீதான்னு உங்க அத்தை சொல்லல, எனக்கு வாசத்துலயே தெரிஞ்சு போச்சு.

பறவையைச் சொல்லணும். கிளுவை வந்து விழுந்து கிடக்கு பாரு, தண்ணி தெரியல. கூழைக்கடா முப்பதுக்கு மேல. எனக்கு வயசு அறுபத்தாறு, இந்தக் கண்மாயில இம்புட்டு நான் பாத்ததில்ல. வலை போட்ட காலத்துல விடியறதுக்குள்ள போவோம், பிடிப்போம், வருவோம். சும்மா உக்காந்து பாத்தது இல்ல. செத்த நேரம் இருந்துட்டு வருவோம்னு போனவங்க மத்தியானம் வரைக்கும் உக்காந்துட்டோம். உங்க அத்தை, “இதைப் பாக்காமத்தான் இத்தனை வருஷம் இதைக் குழம்பு வச்சீங்களா?”ன்னு கேட்டா.

அப்துல் ரவூபும் மத்தவங்களும் என்கிட்ட திரும்பவும் பேசுறாங்க. கன்னு வச்ச அன்னிக்கே சரியாயிருச்சு. உன்கிட்ட மட்டும்தான் நான் பேசாம இருக்கேன். இப்ப அதுதான் விஷயம். அடுத்த சிவராத்திரிக்கு வேட்டை உண்டான்னு ஊருல கேக்கத் தொடங்கிட்டாங்க. வேட்டைக்குப் போனா உன்கிட்டப் பேசலாம். ஆனா வேட்டைக்குப் போனா நீ மறுபடி கேஸ் எழுதணும். எழுதினா நான் மறுபடி கோவப்படணும். போகலைன்னா சாகுற வரைக்கும் இன்லேண்ட்தான். சத்தியம் பண்ணினது தப்புன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.

தினமும் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது, ஏட்டி மாரி இன்னிக்கு எவனைப் பிடிச்சேன்னு கேக்கணும்போல இருக்கு. உங்க அத்தைகிட்டக் கேட்டா, நான் எவனையும் பிடிக்கலைங்கிறா.

இப்படிக்கு,
மாமா


வ. புதுப்பட்டி
05.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கிறது. மலை தாண்டி, பஸ்ஸில் ஆறு மணி நேரம். மார்ச் மூணாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

நிர்வாகக் காரணம் என்றுதான் போட்டிருக்கிறது. வேலையைத் தடுக்கிறேன், ஊர்க்காரர்களோடு சண்டை போடுகிறேன், சொந்தக் குடும்பத்தோடே எனக்கு ஒத்துப்போகவில்லை என்று அந்தக் காண்ட்ராக்டர் பெரிய ஆபீஸில் எழுதிக் கொடுத்தாராம். ரேஞ்சர் எனக்காகப் பேசிப் பார்த்தார். மூன்றாவது விஷயத்துக்கு அவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மாமனார் பேசுவதில்லை என்பது ஊரறிந்த உண்மைதானே.

வடக்கு மூலையைப் பற்றி எழுதியதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இன்னொரு தடவை அந்தக் கடிதம் வந்தாலும் மெஷின் முன்னால் போய் நிற்பேன். அந்தக் குஞ்சுகள் ஜூன் கடைசியில் பறந்ததை நான் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை. கண்மாய் நிறைந்த வருஷத்தில் இதை விட்டுப் போகிறோமே என்று அழுகையாக வருகிறது.

சிவராத்திரி இருபத்தாறாம் தேதி. அன்றைக்கும் மறுநாளும் நான் சாமான் கட்டிக்கொண்டிருப்பேன். அடுத்த ஆள் வருகிற வரைக்கும் கரையில் யாரும் இருக்க மாட்டார்கள். வேட்டைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்தை உங்களுக்குத் தெரியும், என்னையும் தெரியும். போனால் உங்கள் சத்தியம் முடியும், போனிலாவது உங்கள் குரலைக் கேட்பேன். அப்படியும் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டுப் பார்த்தேன். வேண்டாம் மாமா. அப்படிக் கேட்கிற குரல் எனக்கு வேண்டாம்.

அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

அன்புடன்,
மாரிச்செல்வி


கான்சாபுரம்
02.03.2025, ஞாயிறு

என் மருமக மாரிச்செல்விக்கு,

உன் லெட்டருக்கு உடனே பதில் போடலைன்னு வருத்தப்பட்டிருப்பே. பதில் எழுத வேற இடம் இருந்துச்சு. வரிசையாச் சொல்லுறேன், அவசரப்படாமப் படி.

சிவராத்திரி முடிஞ்ச காலையில கோயில் முன்னால எல்லாரும் கூடிட்டாங்க. அப்துல் ரவூப் வேன்ல வலை ஏத்தியாச்சு. நாய் எட்டு, ஜமீனோட சேத்து. நீ ஊருக்குப் போறது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, கரையில ஆள் இல்லைன்னும் தெரியும். நான் ‘கிளம்புங்க’ன்னு ஒரு சொல் சொன்னாப் போதும். மத்தியானத்துக்குள்ள வேட்டை முடிஞ்சிரும், சாயங்காலம் உன்கிட்டப் பேசிரலாம். அம்புட்டுப் பக்கத்துல இருந்துச்சு. ஒரு வருஷமா நான் எதுக்கு ஏங்கினேனோ அது கைக்கு எட்டுற தூரம்.

“வலையை இறக்குங்கலே”ன்னு சொன்னேன்.

ஒருத்தனும் அசையல. சாமிக்கு என்ன பதில்னு கேட்டாங்க. நான்தான் தலைமை, சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்னேன். அந்தப் பிள்ளை நம்ம ஒன்பது பேரையும் பிடிச்சுச்சு, பொறவு நம்ம கண்மாயை நிறைச்சுக் காட்டுச்சு, நான் எழுதுன ஒரு புகாருக்காக மெஷின் முன்னால நின்னு இப்ப ஊரை விட்டே போகுது, அது போற அன்னிக்கு நாம வலை எடுத்தா நம்மளை மாதிரி அயோக்கியன் உண்டாலேன்னு கேட்டேன். அப்துல் ரவூப்தான் முதல்ல வலையை இறக்கினாரு.

கோயில் வாசல்லயே மனு எழுதினோம். அவரு கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும், அதனால அவரு எழுத, நான் சொன்னேன். நகல் என்கிட்ட இருக்கு, அப்படியே போடுறேன்:

“ஐயா, பூலாங்கண்மாயில் 09.03.2024 அன்று வலை போட்டுப் பறவை பிடித்த வழக்கில் ஏ-1 முதல் ஏ-9 வரையிலான நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து தெரிவித்துக்கொள்வது. எங்களைப் பிடித்தது வனக்காப்பாளர் மாரிச்செல்வி. பிடித்தது சரி. அந்த அம்மா ஊர்க்காரர்களோடு சண்டை போடுவதாகத் தங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட்ட ஊர்க்காரர்கள் நாங்கள்தான், எங்களுக்குப் புகார் இல்லை. அந்த அம்மாவை மாற்றினால் நாங்கள் திரும்பவும் வலை எடுக்க மாட்டோம் என்று உறுதி சொல்ல எங்களால் முடியாது. எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். ஆகவே அவரை இங்கேயே வைத்திருக்க வேண்டுகிறோம்.”

ஒன்பது பேரும், உன் கேஸ்ல இருந்த அதே வரிசையில கையெழுத்துப் போட்டோம். அதே வேன்ல ஏறி பெரிய ஆபீஸுக்குப் போனோம். ஜேசிபி ஓட்டுற சௌந்தரபாண்டியனுக்குப் போன் பண்ணினோம். அவரு வேலையை விட்டுட்டு வந்து, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு.

அங்க இருந்த அதிகாரி மனுவைப் படிச்சிட்டு கண்ணாடியைக் கழட்டி எங்களைப் பாத்தாரு. குத்தவாளிங்க சேந்து, தங்களைப் பிடிச்சவங்களை மாத்தாதீங்கன்னு கேட்டு நான் பாத்ததே இல்லைன்னாரு. “ஏ-ஒன்னு யாரு?”ன்னு கேட்டாரு. கையைத் தூக்கினேன். “மாரிச்செல்வி உங்களுக்கு என்ன வேணும்?”

“மருமக.”

“அப்ப சொந்தக்காரங்களுக்காக வந்திருக்கீங்க.”

“இல்ல சார். ஒரு வருஷமா பேச்சே கிடையாது.”

“ஏன்?”

“என் மேல கேஸ் எழுதினா சார்.”

“உங்க மேல கேஸ் எழுதினதுக்குக் கோவம், மாத்தக் கூடாதுன்னும் கேக்கிறீங்க.”

“கோவம் வீட்டு விஷயம் சார். வேலையில அவ மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. சொன்னா என் நாக்கு அழுகிப் போகும்.”

அவரு சிரிக்கல. மனுவை இன்னொரு தடவை படிச்சாரு. பொறவு போனை எடுத்து யாருகிட்டயோ பேசினாரு. சாயங்காலம் வரைக்கும் மரத்தடியில உக்காந்திருந்தோம். ஆபீஸ் பூட்டுறதுக்கு முன்ன கூப்பிட்டு, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீ இங்கதான்னு சொன்னாரு. ஆர்டர் நாளைக்குக் காலையில உன் கைக்கு வரும். நான் முந்திக்கிட்டேன், அது குத்தம்னா இன்னொரு கேஸ் எழுதிக்கோ.

இனி சத்தியம். வேட்டைக்குப் போகாததால அது அப்படியே கிடக்கு. நேத்து உங்க அத்தையோட கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பாத்தேன். சத்தியத்தை வாபஸ் வாங்க விட்டா வெள்ளைப் பூ, விடாட்டி சிவப்புன்னு ரெண்டு பொட்டலம் மடிச்சுப் போட்டோம். சிவப்பு வந்துச்சு. சரியாக் குலுக்கலைன்னு மறுபடி போட்டேன். சிவப்பு. பூசாரி எழுந்திரின்னாரு. எழுந்திரிக்க மாட்டேன்னு அங்கேயே உக்காந்துட்டேன். சாமி, நான் பண்ணினது புத்தி கெட்ட சத்தியம், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடு, ஆனா என் பிள்ளைகிட்ட நான் பேசணும்னு வாய்விட்டுக் கேட்டேன். உங்க அத்தை அழுதுட்டா. மூணாவது தடவை வெள்ளை வந்துச்சு. மூணு தடவை போடலாமான்னு பூசாரி கேட்டாரு. வாயை மூடச் சொல்லி உங்க அத்தை அவரைத் திட்டிட்டா.

அதனால இதுதான் நான் உனக்கு எழுதுற கடைசி லெட்டர். இனி எழுத மாட்டேன், எனக்குக் கையும் வலிக்குது. கட்டுல மிச்சம் இருக்கிற இன்லேண்டை அப்துல் ரவூபுக்குக் கொடுத்திருக்கேன். நேத்து பிறை தெரிஞ்சு இன்னிக்கு அவருக்கு முத நோன்பு. நோன்போடயே வேன் எடுத்துக்கிட்டு எங்களைக் கொண்டு வந்து விட்டிருக்காரு.

ஆமா, போஸ்ட்ல போடல. நானே கொண்டு வந்து உன் கதவுக்கு அடியில தள்ளியிருக்கேன். கட்டின சாமானையெல்லாம் பிரிச்சு வைக்க உங்க அத்தையும் வந்திருக்கா, உன் புருசனும் வந்திருக்கான். எல்லாரும் வெளியில நிக்கிறோம். முதல் வார்த்தை நான்தான் பேசுவேன்னு அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன், யாரும் சத்தம் போட மாட்டாங்க.

வெயில் ஏறிக்கிட்டு இருக்கு. படிச்சு முடிச்சிட்டா கதவைத் திற.

உன் மாமா,
இருளப்பசாமி